கேட்டவர் கையெழுத்து

ஆம்ப்ரோஸ் தன் மகளின் பெயரை நாற்பத்தொரு தடவை எழுதிவிட்டார். ‘கேட்லின்’ என்று கொஞ்சம் சாய்வாக, கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்து. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ரிப்போர்ட் புக்கில் இவர் கையெழுத்துப் போடுவார். இப்போது இவருடைய வாசிப்பு அட்டையில் அவள் பெயரை இவரே போட்டுக்கொள்கிறார். காலம் செய்த கூத்து என்று காலத்தின் மேல் பழியைப் போடலாம். செய்தது என்னவோ ஆம்ப்ரோஸ்தான்.

ஃபேரர் பார்க்கில் ஒரு தனியார் கல்லூரி. கட்டடப் பராமரிப்பில் டிப்ளோமா வாங்க நாற்பத்தொன்பது வயதில் போய் நின்றார். நுழைவுத் தேர்வின் ஆங்கில வாசிப்பில் மண்ணைக் கவ்வினார். இருபத்தாறு வருஷமாகத் தண்ணீர்ப் பம்பையும் லிஃப்ட் மோட்டாரையும் சத்தத்தை வைத்தே நோய் சொல்லும் மனிதர்தான். ஆனால் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் முழி பிதுங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கென்றே அங்கே பன்னிரண்டு வார அடிப்படை வாசிப்பு வகுப்பு ஒன்று இருந்தது. தேறினால் டிப்ளோமாவுக்குள் போகலாம். தேறாவிட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வகுப்பில் இவரைத் தவிர எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது. பாடம் நடத்திய ரக்ஷனாவுக்கே முப்பது ஆகவில்லை. முதல் நாளே ஆளுக்கொரு மஞ்சள் அட்டையை நீட்டினாள். அதில் ஐம்பது கட்டங்கள். வார நாட்களில் தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் வீட்டில் யாராவது ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை நிரம்பினால்தான் தேர்வு எழுத விடுவார்கள்.

“கண்ணால படிச்சா முழுங்கிட்டுப் போயிடுவீங்க. வாயால படிச்சாதான் எங்க தடுக்குதுன்னு தெரியும்” என்றாள்.

“எங்க வீட்டு நாய் கேட்டா போதுமா மிஸ்?” என்று கேட்டான் கீத் என்ற பையன்.

“கையெழுத்துப் போடுமா?”

வகுப்பே சிரித்தது. ஆம்ப்ரோஸும் சிரித்தார். ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு வற்றியது. கீத்துக்கு நாயாவது இருக்கிறது.

மனைவி பிரிந்துபோய் ஆறு வருஷம். மகள் கேட்லின் அம்மாவோடு ஊரின் இன்னொரு கோடியில், செங்காங்கில் இருக்கிறாள். கல்லூரியில் சேர்ந்த அன்று அவளுக்கு, ‘டாட் படிக்கப் போறேன்’ என்று செய்தி அனுப்பினார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. எட்டு மாதத்தில் வந்த ஒரே பதில் அதுதான். மனிதர் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பார். இந்த வகுப்பில் தோற்றால் அந்தக் கட்டைவிரலுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பயம். அட்டையில் கேட்லின் பெயரும் அவளுடைய ஃபோன் நம்பரும் ஏறிய கதை இதுதான்.

அப்படியானால் வீட்டில் வேறு ஆளே இல்லையா? இருந்தார். அதுதான் வேடிக்கை.

குவீன்ஸ்டவுனில் அது ஓர் அறையுள்ள அரசாங்க வாடகை வீடு. குடும்பம் இல்லாத இரண்டு பேரைச் சேர்த்து ஒரு வீட்டைக் கொடுப்பார்கள். நடுவில் ஓர் அலமாரி. இந்தப் பக்கம் ஆம்ப்ரோஸ், அந்தப் பக்கம் ரவூப். ரவூப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, மனைவி தவறிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தார்கள். போன கிறிஸ்துமஸுக்கு யாரோ கொடுத்த பன்றி இறைச்சிச் சோற்றுப் பொட்டலத்தை ஆம்ப்ரோஸ் பொது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். மறதிதான். ரவூப் கேட்டபோது, ‘தெரியாம வச்சிட்டேன் பாய்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வாயில் சனி! “ஃபிரிட்ஜ் என்ன உங்க பேர்லயா இருக்கு?” என்று கேட்டுவிட்டார்.

அதோடு பேச்சு அறுந்தது. ரவூப் சின்னதாக ஓர் ஐஸ்பெட்டி வாங்கித் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டார். பதினோரு மாதம் ஆகிறது. கழிப்பறை வாசலில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்ப்பார்கள். தப்பு தன்மேல் என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வீம்பு விட்டால்தானே?

ஆக, தினமும் ஏழு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து, அலமாரியைப் பார்த்தபடி சத்தமாக வாசிப்பார். தேனீக்கள், மூழ்கிய கப்பல், முதல் லிஃப்ட், இருவாச்சிப் பறவை. வாசித்து முடித்ததும் மகளின் பெயரை எழுதி, வால் போடுவார்.

ஒன்பதாம் வாரம் வகுப்பு முடிந்ததும் ரக்ஷனா அவரை மட்டும் இருக்கச் சொன்னாள்.

“எல்லார் வீட்டுக்கும் ஒரு கால் போட்டுக் கேக்கிறேன் அங்கிள். உங்க டாட்டர்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிடுறேன்.”

ஆம்ப்ரோஸ் தடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் ஃபோன் ஸ்பீக்கரில் மணி அடித்துவிட்டது.

“டாடா? என்கிட்டயா? இல்ல மிஸ், யாரும் எதுவும் வாசிக்கல. நாங்க பேசியே எட்டு மாசம் இருக்கும் லா.” பிறகு அவளே கேட்டாள்: “அவரு ஓக்கேதானே மிஸ்?”

ரக்ஷனா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டடி தூரத்தில்தான் ஃபோன் இருந்தது. கேட்லின் என்று ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். பாவி மனிதருக்கு வாய் வரவில்லை.

“ஓக்கேதான்மா” என்று ரக்ஷனாவே சொல்லி வைத்துவிட்டாள்.

“நான் தினமும் சத்தமாத்தான் வாசிச்சேன் மிஸ். சத்தியமா.”

“யாருக்கு அங்கிள்?”

ஆம்ப்ரோஸ் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். உண்மையிலேயே கேட்டவங்க யாராவது இருந்தா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க. மூணு கேள்வி கேப்பேன். இல்லன்னா டெஸ்ட் எழுத முடியாது. என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

இரண்டு நாள் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அலைந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரி ஓரத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கம் ரேடியோ அணைந்தது.

“பாய்.”

அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு ஃபிரிட்ஜ் விஷயத்துல நான் பேசினது தப்பு பாய். மன்னிச்சிருங்க.”

“இதைச் சொல்ல பதினோரு மாசமா?” என்றது ரவூபின் குரல். “நல்ல ஆளுய்யா நீ. சரி, இப்ப என்ன வேணும், அதைச் சொல்லு.”

ஆம்ப்ரோஸ் வெட்கத்தைவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“நீ வாசிச்சது கேட்டுச்சு, கேட்டுச்சு. காது இருக்குல்ல? ஃபோனைக் கொண்டா.”

ரக்ஷனா ஸ்பீக்கரில் முதலில் தேனீக்களைப் பற்றிக் கேட்டாள். பூ இருக்கும் வழியைக் கண்டுபிடித்து வந்த தேனீ மற்றவற்றுக்கு ஆடிக் காட்டுவதை ரவூப் புட்டுப் புட்டு வைத்தார். அடுத்தது மூழ்கிய கப்பல். “சரக்கைச் சரியா அடுக்கல மிஸ், அதான் சாஞ்சிடுச்சு. அன்னைக்கு இவரு ஒரே வரிய நாலு தரம் வாசிச்சாரு. நானே எந்திரிச்சுப் போய் வாசிச்சிடலாமான்னு பாத்தேன்.” ரக்ஷனா சிரிப்பது கேட்டது. ஆம்ப்ரோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“மூணாவது, இருவாச்சி. பெண் பறவை மரப்பொந்துக்குள்ள போய் என்ன செய்யுது?”

“வாசலை மண்ணு வச்சு அடைச்சிக்கிது. மூக்கு நுழையிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுருக்கு. ஆம்பளப் பறவை அது வழியா தீனி குடுக்குது.”

“அப்புறம்?”

“அப்புறம் தெரியாது மிஸ். அது திங்கக்கிழமை வாசிச்சது. அடுத்த நாலு நாள் நான் ஆஸ்பத்திரில கிடந்தேன். நெஞ்சு வலி. அல்லா காப்பாத்துனான்.”

ஆம்ப்ரோஸின் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நாலு நாளும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பக்கம் விளக்கு எரியவில்லை. பாவம், சீக்கிரமே தூங்கிவிட்டார் போல என்று நினைத்து, தொந்தரவு வேண்டாமென்று குரலைத் தாழ்த்தி வாசித்தார். காலிக் கட்டிலுக்காகக் குரலைத் தாழ்த்தியிருக்கிறார்! ஒரே அறை. ஐந்தடி தூரத்தில் ஒரு மனிதர் இல்லாமல் போனது நாலு நாளும் தெரியவில்லை. ரவூப் அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தாலும் இவர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். இவர் போயிருந்தால்?

“நாலு நாள் குறையுது அங்கிள்” என்றாள் ரக்ஷனா. “அந்த நாலையும் திரும்ப வாசிச்சிடுங்க, டெஸ்ட் எழுதலாம். டாட்டர் பேரை எல்லாம் நீங்களே அடிச்சிட்டு அவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க.”

ஆம்ப்ரோஸ் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு கேட்லினாக அடித்தார். நாற்பத்தொரு கோடு. அவசரப்படவில்லை. ஏழெட்டுப் பெயர் அடித்ததும் கண் மறைத்தது, துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலமாரியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். அலமாரியின் முதுகில் ஆணியடித்து ஆஸ்பத்திரி மருந்துப் பை மாட்டியிருந்தது. தினமும் இவர் பார்த்துப் பார்த்து வாசித்த அதே இடத்துக்கு நேர் பின்னால்.

“ஒரு குரல் கொடுத்திருக்கலாமே பாய்.”

“எப்படிக் குடுக்கிறது? நாமதான் பேசுறதில்லையே” என்றார் ரவூப். “நீ வேலைக்குப் போயிருந்த நேரம், நானே டாக்ஸி புடிச்சுப் போனேன். வந்ததும் நீ கேப்பியான்னு பாத்தேன். நீ கேக்கல.”

முப்பத்தேழு கட்டத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நாலைக் காலியாக விட்டார். ஐஸ்பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளி, நாற்காலிக்கு இடம் செய்தார்.

“அது கிடக்கட்டும். அந்தப் பொம்பளப் பறவை வெளிய வந்துச்சா இல்லையா? ஒரு மாசமா மண்டைக்குள்ள கிடந்து குடையுது.”

ஆம்ப்ரோஸ் புத்தகத்தைப் பிரித்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எடுத்தார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை.