மைக் இப்ப யார் கையில?

முதல் கல் காரின் முன்கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது கல் டிரைவரின் நெற்றியை உடைத்தது.

பரளச்சி ரோட்டை விட்டு இறங்கிய கார், கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அனுசியா மடியில் கிடந்த கண்ணாடித் துணுக்குகளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எறிந்தவர்கள் இருவரும் பைக்கில் புழுதி கிளப்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"என்னத்தா, கண்ணாடி போச்சாமே? பந்து வெளாண்டு ஒரு கால் மூட்டைத் தொலச்சிட்டே. மிச்சம் ஒண்ணு இருக்கு. அது வேணும்ல?"

வீரணன். கண்மாயில் மண் அள்ளும் டிப்பர் லாரிகளின் முதலாளி.

"வேணும்ணே. அந்தக் காலை ஊன்றித்தான் உங்க கண்மாய்க்குள்ள நிக்கப் போறேன். டிவியைப் போட்டுப் பாருங்க."

"வாய் கூடிப்போச்சு," என்று வைத்துவிட்டான்.

டிரைவர் துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டார். "நீங்க போங்கம்மா. நான் போலீஸுக்குப் போன் போடுறேன்."

கேமராமேன் கோகுல், நேரலைக் கருவி இருந்த பையை முதுகில் மாட்டிக்கொண்டான். "அக்கா, உங்களுக்கு விளையாட்டுச் செய்தி வாசிக்கிற வேலை எவ்வளவு நல்லாருந்துச்சு!"

அதற்காகத்தான் மதுரைச் சேனல் அவளை எடுத்தது. தமிழ்நாட்டு நெட்பால் அணியில் கோல் டிஃபென்ஸ். எதிரணி கூடையை நோக்கி எறிகிற பந்தைத் தாவித் தடுப்பவள். ஒருநாள் தாவி இறங்கும்போது வலது மூட்டுக்குள் ஏதோ அறுந்தது. பக்கத்தில் நின்றவளுக்கே அந்தச் சத்தம் கேட்டது. ஆட்டம் முடிந்தது. படபடவென்று பேசுகிற வாய் மட்டும் மிச்சமிருந்தது.

டிவியில் ஒரே ஒரு கோளாறு. நெட்பாலில் பந்தைப் பிடித்தவள் அதோடு ஓடக் கூடாது. மூன்று நொடிக்குள் அடுத்தவளுக்கு எறிந்துவிட வேண்டும். பழக்கதோஷத்தில் மைக்கையும் பேட்டி கொடுப்பவர் கையில் திணித்துவிடுவாள். தயாரிப்பாளர் ராஜகுரு தலையில் அடித்துக்கொள்வார். "மைக்கைக் கொடுத்தா நிகழ்ச்சியையே கொடுத்த மாதிரிம்மா! செத்தாலும் விடாதே!"

இப்போதெல்லாம் அவள் விடுவதில்லை.

கண்மாய்க்குள் தண்ணீர் இருக்க வேண்டிய இடமெல்லாம் பள்ளம். ஒவ்வொன்றும் ஒரு லாரியை முழுங்குகிற ஆழம். பள்ளத்தின் விளிம்பில் தங்கலட்சுமி நின்றாள். துணைக்குக் காளீஸ்வரியும் முருகேஸ்வரியும். நாலு பேரும் அருப்புக்கோட்டையில் ஒரே பள்ளி நெட்பால் அணியில் ஆடியவர்கள்.

"அடியே அனு, டிவியில செவப்பா இருக்கே. நேர்ல எங்களை மாதிரித்தான் கருவாடா இருக்கே," என்றாள் காளீஸ்வரி.

தங்கலட்சுமி சிரித்தபோது முன்பல் இரண்டைக் காணோம்.

அவள் புருஷன் மாரிசெல்வம் லாரிகளை மறித்து நின்றவன். ஒரு டிப்பர் அவன்மேல் ஏறி இறங்கியது. டிரைவர் குடித்திருந்தான், விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் வேறு ஆள். தங்கலட்சுமி அதை ஸ்டேஷனில் சொல்லப் போன அன்றைக்குத்தான் அந்தப் பற்கள் போயின.

"ரெக்கார்டு பண்ணிக்கிடலாமா, தங்கம்?"

"கரையைத் தாண்டுறதுக்குள்ள கேமராவைப் புடுங்கிருவாக. லைவ்னா வெளிய போன சொல்லைப் புடுங்க ஏலாதுல்ல? அந்தப் பேரை ஊரே கேக்க ஒருதடவை சொல்லிப்புடுறேன். அப்புறம் என்னைய வெட்டுனாலும் சரி."

காதில் செருகிய போன் ஹெட்செட்டில் ராஜகுருவின் குரல். "அனு, லைவ்ல இருக்கோம். பேசு."

அனுசியா இரண்டே வாக்கியத்தில் கண்மாயைக் காட்டினாள். மைக்கைத் தங்கலட்சுமியின் வாயருகே நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு லாரிக்கு முன்னாடி கையை விரிச்சு நின்னாரு. பயமுறுத்திட்டுப் பின்னால எடுத்துருவாகன்னுதான் நெனச்சேன். ஆனா முன்னால..."

கரையிலிருந்து ஜீப் பாய்ந்து இறங்கியது. நாலைந்து பேர் குதித்தார்கள். எல்லார் கையிலும் உருட்டுக்கட்டை. கடைசியாக இறங்கிய வீரணன் கையில் அரிவாள்.

முதல் அடி கோகுலின் முழங்காலில். விழுந்தவன் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அடுத்த நிமிஷம் ஒருவன் அனுசியாவின் மணிக்கட்டை முறுக்கினான்.

"மைக்கைப் புடுங்குடா! கேமரா கெடக்கட்டும்!" வீரணன் கத்தினான். "ஊமைப் படமா ஓடட்டும்!"

"விடாதே அனு! மைக்கை விடாதே!" காதுக்குள் ராஜகுரு அலறினார்.

விரலெலும்பு நெரிந்தது. இன்னும் இறுக்கினால் மைக்கோடு கையும் போகும். கண்முன்னால் கட்டையோடு ஒருவன். அவனுக்கு அப்பால், வெட்டவெளிக்கு ஓடிப்போய், தங்கலட்சுமி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே விரித்து நின்றாள்.

அது பந்துக்கு நிற்கிற நிலை.

அனுசியா இடதுகாலை ஊன்றிச் சுழன்றாள். பிடித்திருந்தவன் தடுமாறினான். கம்பியில்லாத மைக் அவர்கள் தலைகளைத் தாண்டிப் பறந்தது.

"ஸ்டியரிங்ல இருந்தது..." தங்கலட்சுமி தொடங்கினாள். தோளில் கட்டை இறங்கியது. விழுவதற்குள் எறிந்துவிட்டாள்.

காளீஸ்வரி பிடித்தாள். "தண்ணி லாரி கொண்டாந்து ரத்தத்தைக் கழுவுனாக, நான் பாத்தேன்!" உதட்டைக் கிழித்தது ஒரு குத்து. அவள் கையில் அப்போது மைக் இல்லை.

"அந்த டிரைவர் பய அன்னிக்கு வேலைக்கே வரல! எங்க தெருக் கல்யாணத்துல பந்தி பரிமாறிக்கிட்டு இருந்தான்!" முருகேஸ்வரியின் குரல். அவள் முதுகில் விழுந்த அடி, பார்த்துக்கொண்டிருந்த வீடுகளுக்கெல்லாம் கேட்டது.

கட்டைக்காரர்கள் மைக் இருந்த இடத்துக்கே ஓடினார்கள். பெண்கள் மைக் வரப்போகும் இடத்துக்கு ஓடினார்கள். ஒருவன் ஓடின வேகத்தில் பள்ளத்துக்குள் போய் விழுந்து, தொடை முறிந்து ஓலமிட்டான்.

"முருகு! இங்க!"

தொங்கிப்போன தோளோடு தங்கலட்சுமி எழுந்து நின்றாள். ஒற்றைக் கையால் பிடித்தாள்.

"வீரணன்! ஸ்டியரிங்ல இருந்தது வீரணன்! ஏத்திட்டு, எறங்கிப் பாத்து, செத்துட்டானான்னு கால்ல எத்திப் பாத்தான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

சொல்லி முடித்துவிட்டாள்.

அரிவாள் அவள் கழுத்துக்கு உயர்ந்தது.

அனுசியா தாவினாள். வேறு வழியில்லை, வலதுகாலால்தான் எம்ப வேண்டியிருந்தது. மூட்டுக்குள் மறுபடியும் ஏதோ அறுந்தது. உயர்த்திய வலக்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, சூடாக ஒரு கோடு விழுந்தது. தங்கலட்சுமியையும் இழுத்துக்கொண்டு மண்ணில் விழுந்தாள். மைக் உருண்டது.

தூரத்தில் போலீஸ் சைரன். அடியாட்கள் கட்டைகளைப் போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினார்கள். வீரணன் மட்டும் ஓடவில்லை. குனிந்து மைக்கை எடுத்தான். தன் பேரைக் கேட்ட அத்தனை வீடுகளும் அவன் நினைப்புக்கு வந்திருக்க வேண்டும்.

"பொய்யி!" மூச்சிரைத்தது. "இவளுக சொல்றது பூரா பொய்யி! நான் ஒரு ஈ எறும்பைக்கூட அடிச்சதில்ல!"

கோகுல் மண்ணில் கிடந்தபடியே கேமராவைத் திருப்பினான். ஒரு கையில் மைக், மறுகையில் அரிவாள். அரிவாள் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அனு, உயிரோட இருக்கியா? அங்க நடக்கிறதுல பாதி இங்க தெரியல," காதில் ராஜகுரு தழுதழுத்தார். "மைக் இப்ப யார் கையில?"

"அவன் கையிலதான் சார்." வெட்டுவாயின் மேல் முந்தானையை வைத்து தங்கலட்சுமி அழுத்த, அனுசியா பல்லைக் கடித்தாள். "பேசட்டும். கட் பண்ணிராதீங்க."