வாசிக்கும் விரலில் வந்த மரு

அச்சகத்தின் கடைசி அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலால், மற்றவர் கண்ணால். விரலால் படிக்கிற அம்மாளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கனத்த தாளில் எழும்பி நிற்கும் பிரெய்ல் புள்ளிகளை வலது கை ஆள்காட்டி விரலால் தடவி, அவர் உரக்க வாசிப்பார். எதிரே இருப்பவர் மூலப் பிரதியை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பார். பார்வையற்ற பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் இங்கே இப்படித்தான் பிழை திருத்தப்பட்டு வெளியே போயின.

அந்த அம்மாளை எல்லோரும் அக்கா என்பார்கள். எதிரே இருந்தவருக்குக் ‘கமா’ என்று பட்டப்பெயர். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்க மாட்டார் என்பதால் வந்தது. அவர் மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி.

அக்காவின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். தட்டுத் தடுமாறல் கிடையாது. கதை வந்தால் குரல் கதை சொல்லும், கணக்கு வந்தால் நிதானமாகும். எங்காவது ஒரு புள்ளி சரியாக எழும்பவில்லை என்றால் விரல் அங்கேயே நின்றுவிடும். அந்த விரலை அவர் கண்ணைப் போலப் பார்த்துக்கொண்டார். சூடான பாத்திரத்தை அதனால் தொட மாட்டார், காய் நறுக்கும்போது அதை மடக்கி வைத்துக்கொள்வார். காலையில் வேலைக்கு உட்காரும் முன் விரல் நுனிகளை எல்லாம் நகம் தேய்க்கிற சின்ன அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வதும் அவர் வழக்கம். சொரசொரப்பு போனால்தான் புள்ளி துல்லியமாகத் தெரியும் என்பார்.

அன்று ஜன்னல் வெளிச்சம் அவர் கைமேல் விழுந்தபோதுதான் கமா அதைக் கவனித்தார். ஆள்காட்டி விரலின் நுனியை ஒட்டி, சாம்பல் நிறத்தில், காலிஃபிளவர் பூவின் துணுக்கு போல ஒன்று தடித்திருந்தது.

“அக்கா, விரல்ல என்ன அது?”

“என்னவோ தெரியல தம்பி. கொஞ்ச நாளாவே தட்டுப்படுது. அரத்துல தேய்ச்சா போன மாதிரி இருக்கு, மறுபடி வந்துடுது. பல்லால கடிச்சுக்கூடப் பார்த்துட்டேன். இப்போ பக்கத்து விரல்லயும் ஒண்ணு முளைச்சிருக்கு.”

“ஐயோ, மருக்கா அது! தொட்டா ஒட்டிக்கும்!” என்றார் கமா. சொல்லும்போதே அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

கண் தெரியாதவருக்கு நாற்காலி நகரும் சத்தம் போதும். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தபோது கமா அதைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கினார். கமா கெட்டவர் இல்லை. அக்காவுக்கு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டே பேருந்து நிறுத்தம் வரை வருகிற மனிதர்தான். ஆனால் அருவருப்பு என்று ஒன்று வந்துவிட்டால் நல்ல மனிதருக்கும் மூளை வேலை செய்வதில்லை.

கமாவுக்குத் தெரிந்த விஷயம் அச்சகத்துக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் புத்தகம் தைக்கும் பெண் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு மறுநாள் அக்காவின் டீ கிளாஸ் தனியாக ஓர் ஓரத்துக்குப் போனது. கிளாஸைத் தேடித் துழாவிய கையைப் பார்த்துக்கொண்டே நான்கு பேர் பேசாமல் நின்றார்கள். எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மேலாளர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தத் தாள் குழந்தைங்க கைக்குப் போறது. விரலைச் சரி பண்ணிட்டு வாங்க. லேட்டானா வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

அந்த வேலையை விட்டால் அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. வீட்டில் அவர் வருமானத்தை நம்பிப் படிக்கும் மகள் இருந்தாள். அதைவிட, புத்தகம் இல்லாத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கமாவுக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். தானாகவே வந்து, “கவலைப்படாதீங்க அக்கா, எனக்கு ஒரு ஆளைத் தெரியும், ஒரு சொட்டு மருந்து விடுவார், அப்படியே கருகி உதிர்ந்துடும், ஒரே நாள் வேலை, என் மச்சினனுக்குக்கூட...” என்று ஆரம்பித்தார். அன்று மதியமே அழைத்தும் போனார். வழியெல்லாம் அக்கா அவருடைய சட்டைக் கையைத்தான் பிடித்து நடந்தார், தோலில் விரல் படாமல்.

சந்தையை ஒட்டிய சின்னக் கடை. கடைக்காரர் அக்காவின் விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கண்ணாடிப் புட்டியைத் திறந்தார். மூக்கை அரிக்கும் நெடி அடித்தது.

“பயப்படாதீங்கம்மா. கொஞ்சம் எரியும், அவ்வளவுதான்.”

“எரிஞ்சா பரவாயில்லை. ஆறினப்புறம் அந்த இடம் எப்படி இருக்கும்?”

“சும்மா கல்லு மாதிரி ஆயிடும்! அப்புறம் ஊசியால குத்தினாகூடத் தெரியாது. அதான் நம்ம மருந்தோட விசேஷமே.”

அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியணுமே ஐயா” என்றார். “ஊசி வேண்டாம். ஒரு புள்ளி இருந்தா தெரியணும். அது தெரியலைன்னா நான் எழுத்தறியாதவளா ஆயிடுவேன்.”

கமாவுக்கு அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. தினமும் எதிரில் உட்கார்ந்து அந்த விரல் வாசிப்பதைக் கேட்டவர் அவர். அதைக் கல்லாக்கத் தானே கூட்டி வந்திருக்கிறோம் என்று நினைத்ததும் வாசலைப் பார்த்துத் திரும்பினார். கடைக்காரர் கூப்பிடக் கூப்பிட, இருவரும் படியிறங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் தெளிவாக இருந்தார்.

“தோலுக்குன்னு படிச்ச டாக்டர் இருப்பாங்கல்ல தம்பி? அங்கே கூட்டிட்டுப் போ. வேலை போனாலும் போகட்டும், விரல் போகக் கூடாது.”

பயத்தில் இருக்கும்போது ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்பதும், பதில் பிடிக்கவில்லை என்றால் எழுந்து வருவதும் லேசுப்பட்ட காரியமா?

பொது மருத்துவமனையின் தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா, அக்காவின் விரலை வெறுங்கையால் பிடித்துப் பார்த்தார். அச்சகத்தில் எல்லோரும் தொடாமல் ஒதுக்கிய கை அது.

“இது சாதாரண மருதான்மா. ஒரு வைரஸால வருது. அழுக்கால வர்றதில்லை, பாவத்தால வர்றதுமில்லை. தோல்ல சின்ன வெடிப்பு, கீறல் இருந்தா உள்ளே போயிடும். வெளியே தெரியறதுக்கே மாசக்கணக்கு ஆகும். புத்துநோய் எல்லாம் கிடையாது. நிறையப் பேருக்குத் தானாவே போயிடும், ஆனா ரொம்ப நாள் எடுக்கும். நீங்க இதை என்ன பண்ணீங்க?”

அக்கா அரத்தைப் பற்றிச் சொன்னார்.

“அதான் அடுத்த விரலுக்கும் போயிருக்கு. மருவைத் தேய்ச்ச அரத்தாலயே நல்ல விரலையும் தேய்ச்சா, நீங்களே விதை தூவின மாதிரி. கடிக்கறதும் அப்படித்தான், உதட்டுக்கு வரும். சர்க்கரை இருக்கா? இல்லையா, சரி. சாலிசிலிக் அமிலம்னு ஒரு மருந்து தர்றேன். தினமும் வெந்நீர்ல விரலை ஊற வைங்க. மெதுவா மேல் தோலை எடுத்துட்டு, மருமேல மட்டும் தடவணும். சுத்தி இருக்கிற தோல்ல படாம வேற யாராவது தடவிவிடட்டும். அந்த அரம் மருவுக்கு மட்டும்தான், முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடணும். எரிச்சல் அதிகமானா நிறுத்திட்டு என்கிட்ட வாங்க.”

“மருவைக் குளிரால உறைய வைச்சு எடுப்பாங்களாமே டாக்டர்?” என்றார் கமா.

“அதுவும் உண்டு, நல்ல வைத்தியம்தான். ஆனா இவங்க வாசிக்கிற நுனியில மரத்துப் போறதுக்கோ தழும்பு விழறதுக்கோ கொஞ்சம்கூட இடம் கொடுக்க வேண்டாம்னு பார்க்கிறேன். மெதுவா போவோம்.”

“இந்த விரலால தொட்ட தாளு குழந்தைங்களுக்குப் போகலாமா?” என்று அக்கா கேட்டார். தன்னைவிட அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

“பிளாஸ்டர் போட்டு மூடிடுங்க. கையைக் கழுவுங்க. துண்டைத் தனியா வைச்சுக்குங்க. தாள் மூலமா பரவறது ரொம்ப அபூர்வம், மூடிட்டா பயமே வேண்டாம்.”

இவ்வளவும் சொல்லிவிட்டு டாக்டரம்மா கமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“உங்க தாடையில இருக்கிறதுக்கு என்ன வைத்தியம் பண்றீங்க?”

“இதுவா? பரு டாக்டர். சவரம் பண்ணா வரும், போகும், அப்புறம் இன்னும் நாலு...”

“பருவா இருந்தா பிளேடு போன வழியிலேயே வரிசையா முளைக்காது சார். இது தட்டை மரு. அம்மாவுக்கு ரெண்டுதான். உங்களுக்கு எண்ணவே முடியல. தினமும் சிரைச்சுச் சிரைச்சு நீங்களே பரப்பிட்டு இருக்கீங்க. கொஞ்ச நாள் பிளேடைத் தொடாதீங்க. அவங்க மருந்தை எடுத்து முகத்துல தடவிடாதீங்க, இதுக்கு வேற தர்றேன்.”

தாடையைத் தடவப்போன கையைக் கமா பாதியில் நிறுத்திக்கொண்டார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்கத் தோன்றியது, கேட்கப் பயமாக இருந்தது. அக்காதான் கேட்டார்.

“அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, தேவையும் இல்லை” என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் அக்கா சிரித்துவிட்டார். ஏச்சு வாங்கியிருந்தால்கூடக் கமாவுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

மறுநாள் டீ நேரத்தில் கமா எல்லோருக்கும் நடுவே வந்து நின்றார். ஓரத்தில் இருந்த கிளாஸை எடுத்துக் கழுவி, டீ ஊற்றி, அக்காவின் கையில் கொடுத்தார்.

“என் மூஞ்சியைப் பாருங்க எல்லாரும். இதுவும் மருதான். ரொம்ப நாளா இதோடதான் உங்க எல்லார்கூடவும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒருத்தரும் என்னைத் தள்ளி வைக்கல. அக்காவைத் தள்ளி வைச்சோம், ஆரம்பிச்சு வைச்சது நான். மரு ஒட்ட மாசக்கணக்கு ஆகுமாம். என் அருவருப்பு உங்களுக்கு ஒட்ட ஒரே நாள்தான் ஆச்சு.”

தைக்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மேலாளர் கனைத்துக்கொண்டு, “ஆனா வேலை நிக்குதே” என்றார்.

“நிக்காது சார். இடது கை இருக்கு” என்றார் அக்கா.

அவருடைய இடது கை அதுவரை வரி பிசகாமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் பழகியிருந்தது. வலது விரல்களில் பிளாஸ்டரோடு, ஒரு குடும்பத்தையே தாங்குகிற அந்த அம்மாள், முதல் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தார். ஒரு வரியை முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். தப்பு வரும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். வெட்கப்படவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் அரட்டை அடிக்கும்போது அவர் பழைய தாள்களை வைத்து இடது விரலைப் பழக்கினார். எதற்கும் காத்திராத கமா, ஒவ்வொரு சொல்லுக்கும் வாய்மூடிக் காத்திருந்தார். வீட்டில் மகள் சொட்டு சிந்தாமல் மருந்து தடவிவிட்டாள். புத்தகம் கொஞ்சம் தாமதமானது. மேலாளரும் பொறுத்துக்கொண்டார். வேறு யாரிடம் கொடுத்தாலும் அந்தச் சுத்தம் வராது என்று அவருக்கும் தெரியும்.

பல வாரம் கழித்து டாக்டரம்மா விரலைப் பார்த்து, தோலில் ரேகை பழையபடி ஓடுகிறது, மரு போய்விட்டது, திரும்பத் தட்டுப்பட்டால் உடனே வாருங்கள் என்றார்.

அக்கா நேரே அச்சகத்துக்கு வந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார். செய்தி தெரிந்து எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். கமா ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். டாக்டர் சொல்வது வேறு, விரல் சொல்வது வேறு. புதுத்தோலுக்குப் புள்ளி தெரியுமா?

வலது விரல் தாளில் இறங்கியது. வரியின் தொடக்கத்தில் நின்றது. ரொம்ப நேரம் நகரவில்லை.

“இங்கே ஒரு புள்ளி சரியா எழும்பல தம்பி” என்றார் அக்கா.

அறையே கலகலத்தது. தைக்கும் பெண் ஓடிவந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க அக்கா” என்றாள். அவள் கண்ணீர் அந்த விரலில் விழுந்தது.

“என்கிட்ட மன்னிப்பு வேண்டாம்மா. ஒண்ணு மட்டும் செய்யுங்க. உடம்புல ஏதாவது வந்தா மறைக்காதீங்க, கிள்ளாதீங்க, எரிக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்தவங்களுக்கு வந்தா நாற்காலியைப் பின்னால தள்ளாதீங்க. நோயை மூடி வைக்க ஒரு பிளாஸ்டர் போதும். மனுஷங்களை யாரும் ஒதுக்கி வைக்க வேண்டாம்.”