எலிக்குப் போன வலி

என் பொஞ்சாதி வெள்ளையம்மாளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் விலாவில் அக்கி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் குயவரிடம் கூட்டிப்போய், காவி குழைத்து அக்கி எழுத வைத்தவன் நான்தான். கொப்புளம் ஆறியது. எரிச்சல் ஆறவில்லை. ஒரு நாளைப் போல நெருப்பு வைத்த மாதிரி துடித்தாள்.

போன மாதம் எங்கள் ஊர் காணையிலிருந்து கிளம்பி, திண்டிவனத்தில் இருக்கும் மகள் அருணா வீட்டுக்குப் போனாள். அருணா காளான் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பத்து நாளில் எரிச்சல் பாதியாகிவிட்டதாம். நான் எவனையும் லேசில் நம்புகிறவன் இல்லை. அருணா கொடுத்தனுப்பிய, தீர்ந்துபோன டப்பாவையும் வெள்ளையம்மாளின் பழைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் டாக்டரம்மாவிடம் போனேன்.

“எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க பெரியவரே, வலி கொறஞ்சிருக்கு. மனுஷங்ககிட்ட பெருசா ஆராய்ச்சி நடக்கல. கேக்கும்னும் சொல்ல முடியாது, கேக்காதுன்னும் சொல்ல முடியாது.”

“வலி போச்சின்னு எலி வந்து சொல்லிச்சாம்மா?”

சிரித்தார். சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“ஹார்ட்டுக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களே! இந்தக் காளான் அதோட சேந்தா ரத்தம் கசியலாம். இன்னிக்கே நிறுத்துங்க. எரிச்சலுக்கு வேற எழுதறேன். கேக்க நாளாகும்.”

திண்டிவனம் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் இரண்டு தரம் உட்காரச் சொல்லிவிட்டு முறைத்தான். நிறுத்தச் சொன்னால் மறுபடி துடிப்பாள். சொல்லாவிட்டால் ரத்தம்.

அருணா வீட்டில் வெள்ளையம்மாள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன்.

“இன்னாய்யா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கினு கீற?”

டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அக்கி எழுத இழுத்துக்கினு போனியே, அப்ப எந்த டாக்டரக் கேட்ட? இப்ப எனக்குக் கேக்கறத புடுங்க வந்துட்டியா?”

“அப்ப கேக்காததாலதான்டி இப்ப கேட்டேன். தப்பு என்னுது.”

கல்யாணம் ஆன நாளாக நான் சொல்லாத வார்த்தை. அருணா அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

வெள்ளையம்மாள் உள்ளே போய், பாதி இருந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

“ரவிக்கைத் துணி பட்டாலே உசுரு போவும்யா. நான் கத்துவேன். ஊரு கேக்குது, வாயப் பொத்துன்னு சொல்லக் கூடாது.”

“கத்து,” என்றேன்.