மாஸ்டரின் மூன்றாவது கையெழுத்து

பட்டாணிக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஆறு நாள் மருத்துவமனையில். ஞாயிற்றுக்கிழமை ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில், கனம் தூக்கித் தோளைப் பிசகிக்கொண்டவர்களைச் சரிசெய்ய. பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்திவிட்டுத் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவாள். பிறந்தபோது பட்டாணி அளவுதான் இருந்தாளாம். ஆறடி ஆளை ஒற்றைக் கையால் புரட்டிப் போடுகிற வலு வந்த பிறகும் வீட்டில் அந்தப் பெயர் மாறவில்லை.

அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது படிப்புக் கடன். சம்பளத்தில் பாதியைத் தவணையாகப் பிடுங்கிக்கொண்டு, போன வருடம் இருந்த பாக்கி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று கூசாமல் கடிதம் போடும் வங்கி அது. வட்டி அப்படி. இன்னொரு வங்கி குறைந்த வட்டிக்கு அந்தக் கடனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. தவணை பாதியாகும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். ஆனால் சலுகை இந்த மாதக் கடைசி நாள் மாலை நான்கு மணி வரைதான். மூன்று வாரம் அலைந்து எல்லாக் காகிதத்தையும் சேர்த்துவிட்டாள். பாக்கி ஒன்றே ஒன்று, ஜாமீன்தாரர் கையெழுத்து. ஜாமீன்தாரர் அவளுடைய அப்பா.

அப்பா கேக் கடையில் மாஸ்டர். வெண்ணெய்க் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கிரீமை நிரப்பி, கேக் மேல் பெயர் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எவ்வளவு நீளப் பெயராக இருந்தாலும் கேக்கின் ஓரத்துக்குள் அடக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் கையெழுத்துப் போடுவதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றுதான் பட்டாணி நிம்மதியாக இருந்தாள்.

அந்தக் கடைசி நாள் மாலை மூன்று மணிக்கு, தேய்த்த சட்டையும் காதோரம் ஒட்டிய கிரீமுமாக மாஸ்டர் வங்கிக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பேனாவை இறுகப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கடன் பிரிவு அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். பழைய வங்கி அனுப்பிய ஏழு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து அவர் திரையில் இருந்தது. அது அகலமாக வளைந்து, வாலைச் சுழற்றிக்கொண்டு ராஜா மாதிரி நின்றது. இது மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் ஏறி ஓடியது போல இருந்தது.

“வேற யாரோ போட்ட மாதிரி இருக்கே சார்.”

“நான்தான் மேடம். சத்தியமா நான்தான்.”

“அவசரப்படாம இன்னொரு தடவை போடுங்க.”

இரண்டாவது படிவத்தில் எறும்புக்குக் கால் வேறு முறிந்திருந்தது.

அதிகாரி மூன்றாவது படிவத்தை எடுத்து வைத்தார். “ஒரு மனுவுக்கு மூணு படிவம்தான் தருவோம். இதுவும் ஒத்து வரலைன்னா, பழைய வங்கியில போய் இவர் கையெழுத்துதான்னு சான்று வாங்கிட்டு வரணும். பத்து நாளாகும்.”

“அதுக்குள்ள சலுகை போயிடுமே மேடம்?” என்றாள் பட்டாணி.

“போயிடும்மா.”

மாஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நான் எழுதுற பேரையெல்லாம் ஊரே வெட்டித் திங்குது. என் பேரை எழுத வரலை பாரேன்,” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. “உனக்குன்னு நான் செய்யறது இந்த ஒரு கையெழுத்துதான். அதுலயும் சொதப்புறேன்.”

பட்டாணிக்கு முதலில் எரிச்சல் வந்தது, பிறகு அழுகை வரப் பார்த்தது. இரண்டுக்கும் நேரமில்லை, கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. அவள் அப்பாவையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க உள்ளே இருந்த பிசியோதெரபிஸ்ட் விழித்துக்கொண்டாள். தோள் இரண்டும் காது வரை ஏறியிருக்கிறது. முழங்கை மேசையில் ஆணி அடித்தாற்போல நிற்கிறது. மணிக்கட்டு மடங்கிக் கிடக்கிறது. மருத்துவமனையில் ஒரு நோயாளி இப்படி உட்கார்ந்திருந்தால் அரைமணி நேரம் திட்டியிருப்பாள்.

“அப்பா, அந்தப் பழைய கையெழுத்தை எங்க வச்சுப் போட்டீங்க?”

“கடையிலதான். வங்கி ஆளு அங்கேயே வந்துட்டாரு. கேக்கை நகர்த்திட்டு மேடையிலேயே போட்டேன்.”

“நின்னுக்கிட்டா?”

“நான் என்னைக்கு உட்கார்ந்து எழுதியிருக்கேன்?”

“எழுந்திருங்க,” என்றாள் பட்டாணி. மருத்துவமனையில் அவள் அந்தக் குரலில் சொன்னால் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு எழுந்தவர்கள் உண்டு. மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

மேசை தாழ்வாக இருந்தது. அதிகாரி சரி என்று சொல்லும் முன்பே நாலு தடித்த கோப்புகளை அடுக்கி, கடை மேடை உயரத்துக்கு ஏற்றிவிட்டாள். பேனா ஒல்லியாக இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார், கெட்டுப்போன இரண்டாவது படிவத்தைப் பார்த்தார். அடுத்த நொடி படிவம் அவர் விரல்களில் கூம்பாகச் சுருண்டு, பேனா அதற்குள் உட்கார்ந்திருந்தது.

“சார், அது வங்கிப் படிவம்!”

“பாழாப்போனதுதானே மேடம்,” என்றவர், இல்லாத ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். தோள் இறங்கியது. முழங்கை காற்றில் விடுதலையாயிற்று. குனிந்து, பழக்க தோஷத்தில் கேட்டார்: “பொறந்தநாளா, கல்யாணமா?”

“உங்க பேர் மட்டும் போதும்பா.”

ஒரே வீச்சு. எழுத்து அகலமாக எழுந்தது, வால் சுழன்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை, வால் முனையில் எப்போதும் போல ஐந்து இதழில் ஒரு குட்டிப் பூவையும் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் மாஸ்டருக்கு உறைத்தது.

“ஐயையோ,” என்றார். இருந்த கடைசிப் படிவத்திலும் பூ.

அதிகாரி திரையில் இருந்த கையெழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வால் முனையில் கறுப்பாக ஏதோ திட்டு. நெருங்கிப் பார்த்தார். ஐந்து இதழ்.

“மை சிந்தினதுன்னு நினைச்சேன்,” என்றார் மெதுவாக. “பூவா சார் இது?” பிறகு அடக்க மாட்டாமல் சிரித்தார். பக்கத்து வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு முத்திரை விழுந்தது.

“அவரை நிக்க வச்சா சரியாகும்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“அதுக்குத்தான் மேடம் படிச்சேன். அந்தக் கடன்தான் இது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாள். எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு கேக் கடைக்குப் போனால், மேடையில் அவளுக்காக ஒரு கேக் இருந்தது. மேல் வரியில் ‘இன்று விடுமுறை’. அதன் கீழே வால் சுழற்றி, பூ வைத்து, மாஸ்டரின் கையெழுத்து.

“ஜாமீன் இல்லாம லீவு செல்லாதுன்னு போட்டுட்டேன்,” என்றார் அப்பா.

பட்டாணிக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷம்தான். கடையில் இருந்த எல்லோருக்கும் அவளே துண்டு போட்டுக் கொடுத்தாள். கையெழுத்து இருந்த பக்கத்தை மட்டும் யாரையும் வெட்ட விடவில்லை.