வாயில் ஆறு குண்டூசி

கோட்டு தைக்கும் அந்த நிறுவனத்தில் இவளுடைய சோதனை மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கட்டிங் மாஸ்டரோ வேறு நாட்டுக்காரி, இவளைவிட இரண்டே வயது மூத்தவள். மாஸ்டர் இவளிடம் ஒரு பேச்சையும் முழுதாக முடித்ததில்லை. "கை பொருத்துற கைக்குழியை வெட்டும்போது..." என்று தொடங்குவாள். இவள் "ம்" என்பாள். மாஸ்டர் சட்டென்று நிறுத்தி இவள் முகத்தைப் பார்ப்பாள். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

"என்னைக் கண்டாலே ஆகலக்கா. வீட்டுக்கு அனுப்பிடுவா," என்று போனில் அக்காவிடம் அழுதாள்.

வியாழனன்று ஒரு கோட்டின் தோளை இரு கைகளாலும் பிடித்திருந்ததால், ஆறு குண்டூசிகளை உதடுகளுக்கிடையே கவ்வியிருந்தாள். உதடு அசைந்தால் உதிர்ந்துவிடுமென்று 'ம்'கூடக் கொட்டவில்லை. மாஸ்டர் கைக்குழியில் தொடங்கி காலர்வரை ஒரே மூச்சில் விளக்கி முடித்தாள்.

"அப்பாடா, இன்னைக்குத்தான் என்னைப் பேச விட்டிருக்கே!"

இவள் அவசரமாக ஊசிகளை எடுத்தாள். "நானா? நான் உம்தானே கொட்டினேன்! கேக்குறேன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?"

"எங்க ஊர்ல ஒருத்தர் பேசுறப்போ மத்தவங்க சத்தமே காட்ட மாட்டோம். காட்டினா, 'நிறுத்து, நான் பேசணும்'னு சொல்ற மாதிரி. நானும் நிறுத்திட்டுக் காத்திருப்பேன், நீ ஒண்ணுமே சொல்ல மாட்டே. எல்லாம் தெரிஞ்சவபோலன்னு விட்டுட்டேன்." மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தாள். "திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடு. கோட்டுக்குக் கை பொருத்தக் காட்டுறேன்."

திங்கட்கிழமை!

சாயங்காலம் அக்கா பேசப் பேச, இவள் புதுப் பழக்கத்தில் மூச்சுக் காட்டாமல் கேட்டாள்.

"அடியே, லைன்ல இருக்கியா இல்லியா?"

"ம்... ம்... ம்..." என்று வட்டியும் முதலுமாகக் கொட்டினாள். "லைன்லயும் இருக்கேன், வேலையிலயும் இருக்கேன்க்கா!"