ஸ்பாஸைத் திட்ட ஒரு கம்பம்

1

இந்தக் கதை ஒரு வசவிலிருந்து பிறந்தது. அதை மறைத்துப் பயனில்லை. போன மார்ச்சில் ஒரு விடிகாலை, பால்கனியில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பெண் விளக்குக் கம்பத்தைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"புளுகுணி! வாயத் தொறந்தா புளுகு! பண்றதையும் பண்ணிட்டு, அங்க நின்னுகிட்டு என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கு?"

கம்பம் வாயைத் திறக்கவில்லை. அவள் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு டான்யூப் ஆற்றுப் பக்கம் ஓடினாள்.

அவள் டோன்கா. எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடி, பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. கம்பத்தில் ஒட்டியிருந்தது அவள் புருஷன் ஸ்பாஸின் அஞ்சலித் தாள்.

(எங்கள் ஊர் வழக்கம் இது: ஒருவர் செத்துப்போனால் கறுப்புக் கட்டத்துக்குள் அவர் படத்தை அச்சடித்து வாசற்கதவு, மரம், பஸ் நிறுத்தம், விளக்குக் கம்பம் என்று கண்ட இடமெல்லாம் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு என்று புதிய தாள்கள் வந்துகொண்டே இருக்கும். ஒட்டியதை யாரும் கிழிக்க மாட்டார்கள். மழை கிழிக்கும், வெயில் வெளுக்க வைக்கும், அவ்வளவுதான். இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதை இதற்குள்தான் இருக்கிறது.)

2

தலைநகர் சோஃபியாவில் ஓர் ஆரோக்கிய இதழ் நடத்துகிறார்கள். பளபளவென்று இருக்கும், எல்லாப் பக்கத்திலும் யாராவது ஆப்பிள் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதன் ஆசிரியை என்னிடம் கேட்டார்: "உடற்பயிற்சியால் துக்கத்திலிருந்து மீண்ட ஒருவரின் கதை வேண்டும். புன்னகையோடு முடிந்தால் ரொம்ப நல்லது." சரி என்றேன். டோன்கா இருக்கிறாளே, எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் தொடக்கம்: "ஆற்றின் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்தது. டோன்கா தன் துக்கத்தை மெதுவாக—"

(மெதுவாக என்ன செய்தாள்? மடித்துப் பெட்டியில் வைத்தாளா? அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ஓடத் தொடங்கிய அன்றே அவள் மனக்காயம் ஆறத் தொடங்கி—"

(பச்சைப் பொய். ஓடத் தொடங்கிய அன்று அவள் படகுத்துறை வேலியோரம் வாந்தி எடுத்தாள்.)

மூன்றாம் தொடக்கம்: "டோன்காவுக்குக் கோபம்."

இது நின்றது. ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. "கோபம் ஆரோக்கியமான உணர்ச்சி இல்லையே," என்று எழுதினார். எனக்கும் அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

3

டோன்காவுக்குக் கோபம். சாதாரணக் கோபம் இல்லை, வயிற்றில் அடுப்பு மூட்டிவைத்த மாதிரி அணையாத கோபம்.

ஸ்பாஸ் பல வருஷங்களாக 'விடியல்' ஓட்டக் குழுவில் ஓடிக்கொண்டிருந்தவர். அவள் எழுந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்ஸா ரொட்டியை அடுப்பில் சூடாக்கும்போது படுக்கையின் அந்தப் பக்கம் காலியாக இருக்கும். இலையுதிர் காலத்தில் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று டாக்டரிடம் போனார். முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

"டாக்டர் ஓடச் சொல்லிட்டாரு, டோன்கா. ஓடுனாத்தான் நெஞ்சுக்கு நல்லதாம்."

ஜனவரியில் ஒரு காலை, "வந்து குழாயச் சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். படகுத்துறை வளைவில் விழுந்தார். ஆஸ்பத்திரி நடையில் அந்த டாக்டர் டோன்காவைப் பார்த்து, "ஓடவே கூடாதுன்னு சொல்லி, மாத்திரையும் எழுதிக் குடுத்திருந்தேனேம்மா, வீட்டுல சொல்லலியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு அவள் கண்ணில் தண்ணீர் நின்றுபோனது. சவப்பெட்டி இறங்கும்போதும் அழவில்லை. (நான் முதல் வரைவில் அவளை அங்கே அழவைத்திருந்தேன். ஒட்டவே இல்லை, எடுத்துவிட்டேன்.)

நாற்பதாம் நாள் சர்க்கரை போட்ட கோதுமையை எல்லோருக்கும் கொடுத்து முடித்தாள். மறுநாள் விடிகாலை, சமையற்கட்டில் போடும் ஷூவையே மாட்டிக்கொண்டு குழு கூடும் இடத்துக்குப் போய் நின்றாள்.

"நானும் ஓடுறேன். அப்படி என்னதான் வெச்சிருக்கு அந்த ஆத்தங்கரையில? பொண்டாட்டிகிட்ட புளுகிட்டு ஓடி வர்ற அளவுக்கு?"

4

இங்கே எனக்கு ஒரு தொல்லை. அந்தக் குழுவினர் நல்லவர்கள். கோபக் கதையில் நல்லவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தலைவர் மெத்தோதி, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், ஸ்பாஸின் கூட்டாளி. அவளுக்காக எல்லோரையும் மெதுவாக ஓடவைத்தார். மருந்துக்கடை லில்யானா அவளுக்கு நல்ல ஷூ வாங்கி வந்தாள், வாரத்தில் பாதி நாள் கதவடியில் சூப்புச் சட்டி வைத்துவிட்டுப் போனாள். அவள் நின்றால் யாராவது கூட நின்றார்கள். "வலிய இந்த ரோட்டுல விட்டுடுங்கக்கா" என்று ஒருவர் சொன்னபோது மட்டும் டோன்கா, "ரோட்டுல விட நாய்க்குட்டியா அது?" என்று கேட்டாள். பிறகு யாரும் அப்படிப் பேசவில்லை.

ஸ்பாஸ் செத்த அன்று ஓட்டப் பாதை நெடுக அஞ்சலித் தாள் ஒட்டியதும் அவர்கள்தான். எங்கள் வாசல் கம்பம், பஸ் நிறுத்தம், நெட்டிலிங்க மரம், நீரேற்று நிலையச் சுவர், கடைசியில் படகுத்துறை வளைவு.

டோன்கா ஓடியது அந்தத் தாள்களுக்காக. ஒரு ஸ்பாஸிலிருந்து அடுத்த ஸ்பாஸ் வரைக்கும் ஓடுவாள். நிற்பாள். மூச்சு வாங்கிக்கொண்டே திட்டுவாள்.

"மாத்திரைய எங்க ஒளிச்சு வெச்சே? கராஜுலயா? இரு, கண்டுபுடிக்கிறேன்."

அடுத்த மரத்தில்: "குழாய் இன்னும் ஒழுகுது, தெரியுமா? ராத்திரியெல்லாம் சொட்டு சொட்டுன்னு. நீ வந்து பண்ணுவேன்னு பிளம்பரக்கூட கூப்பிடல."

குழுவினர் கொஞ்சம் தள்ளி, தரையைப் பார்த்தபடி நிற்பார்கள். என்ன பேசுகிறாள் என்று காதில் விழாது. தோள் குலுங்குவது மட்டும் தெரியும். அழுகிறாள், பாவம், என்று நினைத்தார்கள்.

* ஓர் அடிக்குறிப்பு: கோபத்தில் குலுங்கும் தோளும் அழுகையில் குலுங்கும் தோளும் பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றுதான். முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்கும் தைரியம் இல்லை.

5

மே மாதத்தில் ஒரு காலை, வாசல் கம்பத்தில் ஸ்பாஸ் இல்லை. காற்று அடித்திருக்கும் என்று ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் இல்லை. மரத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. இன்னும் வேகமாக ஓடினாள். நீரேற்று நிலையச் சுவர் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. வளைவு வரைக்கும் நிற்காமல் ஓடினாள்.

நிற்காமல் முழுப் பாதையையும் அவள் ஓடியது அதுதான் முதல் முறை. வளைவில் காத்திருந்த குழு கைதட்டியது.

(இதழாசிரியை இந்த இடத்தில் ஒரு முழுப் பக்கப் படம் போடலாம் என்றார்.)

"எங்க அவரு?" என்றாள் டோன்கா.

கைதட்டல் நின்றது. மெத்தோதி முன்னால் வந்தார். "உனக்காகத்தாம்மா. ஒவ்வொரு எடத்துலயும் நீ நின்னு தவிக்கிறதப் பாக்க முடியல. நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் எடுத்துட்டோம். பாத்தியா, இன்னிக்கு நிக்காமயே வந்துட்டே!"

"கிழிச்சீங்களா?"

"தண்ணி தொட்டு, மெதுவாத்தான்கா எடுத்தோம்," என்றாள் லில்யானா.

"தண்ணி தொட்டா! அடேயப்பா, என்னா கரிசனம்! எதிரிகூட இதச் செய்ய மாட்டான். அவரத் திட்ட எனக்கு இருந்த எடமே அதுதான்யா. வீட்டுல திட்டுனா செவுத்தப் பாத்துத் திட்டணும். கல்லறையில திட்டுனா பாதிரியார் மொறைக்கிறாரு. இங்கதான் மூஞ்சியப் பாத்துக் கேக்க முடிஞ்சுது!"

மெத்தோதி தாள் இருந்த இடத்தைக் கைகாட்டினார். "எங்களாலயும் முடியல, டோன்கா. இந்த வளைவுல, தாள்ல, அவன் சிரிச்சுகிட்டு இருந்தான். இங்கதான் நான் அவன் நெஞ்ச அமுக்கிகிட்டே கெடந்தேன். தெனம் அதத் தாண்டி ஓடணும்னா..."

"அப்ப அதச் சொல்லு! உனக்காகக் கிழிச்சேன்னு சொல்லு. எனக்காகன்னு சொல்லாத!"

நடுரோட்டில் நடந்தே வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு ஓடப் போகவில்லை. லில்யானா வைத்த சூப்பைப் பூனை குடித்தது.

6

இதழுக்குத் தேதி நெருங்கிவிட்டது. எனவே நான் ஒரு முடிவு எழுதினேன்: டோன்கா எல்லோரையும் மன்னிக்கிறாள், சூரியன் எழுகிறது, அவள் முகத்தில் புன்னகை, மனதில் அமைதி. எழுதியதை, மரியாதைக்காக, அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மறுநாளே படியேறி வந்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"நான் எப்ப சிரிச்சேன்? நீ பாத்தியா?"

"அது... கதைக்காக..."

"கதைக்காக! அவங்க எனக்காகக் கிழிச்சாங்க, நீ கதைக்காக ஒட்டுறியா? கடைசியில 'அமைதி'ன்னு போட்டிருக்கியே, அது யார் வீட்டுது? எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்ல."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

"தூக்கம் வரல. ஓடுறப்ப கோவம் கால்ல எறங்கிச்சு. இப்ப மண்டையிலயே நிக்குது. தனியாவும் ஓடிப் பாத்தேன், மரம் வரைக்கும்கூட முடியல. அந்தக் கிறுக்குங்க பக்கத்துல மூச்சு வாங்குனாத்தான் எனக்கும் மூச்சு வருது. அதுக்கும் சேத்துத்தான் கோவம்."

காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

"ஜூலையில ஆறு மாசம்," என்றாள். "தாள்ல போடுறதுக்கு நீ எழுதிக் குடு. 'ஆழ்ந்த துயரத்துடன் தலை வணங்குகிறோம்'னு எல்லாரும் போடுறதப் போட்டே, தொலைச்சுடுவேன். நான் சொல்றத எழுது."

நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான்.

7

முடிவுகள்.

(அ) இதழின் முடிவு. மேலே பார்த்தீர்கள். குப்பையில் கிடக்கிறது.

(ஆ) அவள் திரும்பவே இல்லை. கசப்பாக, கம்பீரமாக இருக்கும், எழுதவும் சுலபம். ஆனால் ஜூலையில் அவள் பால்கனியில் அந்த ஷூ கழுவிக் காயப்போட்டிருந்தது. அதை நான் பார்த்துத் தொலைத்தேன்.

(இ) ஆறாம் மாத நாள் காலையில் குழு முழுக்க எங்கள் வாசலில் நின்றது. மெத்தோதி கையில் பசை வாளி. யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்திருந்தார்கள். டோன்கா ஷூவோடு இறங்கி வந்து தாள்களைப் பங்கு போட்டாள்.

"ஆளுக்கு ஒரு எடம். ஒட்டுறவங்க அவரத் திட்டணும். திட்டாம ஒட்டுனா நானே கிழிச்சுடுவேன்."

"டோன்காக்கா, செத்தவர எப்படி..." என்று இழுத்தாள் லில்யானா.

"உன்கிட்ட அவரு புளுகவே இல்லியா?"

லில்யானா தாளைக் கம்பத்தில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று கத்தினாள்: "பக்கத்து வீட்டுக்காரருக்குன்னு சொல்லித்தானேய்யா அந்த மாத்திரைய எங்கிட்ட வாங்குனே! தெனம் பக்கத்துலதானே ஓடுனேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி!"

டோன்கா தலையாட்டினாள். "நல்லா இருக்கு. வா, ஓடு."

பஸ் நிறுத்தம், மரம், சுவர். ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் திட்டினார். வளைவுக்கு வந்தபோது ஒரு தாள்தான் பாக்கி, மெத்தோதியும்தான் பாக்கி. அவர் பள்ளிக்கூடத்தில்கூட யாரையும் சத்தம் போட்டதில்லை. ஒட்டிவிட்டு ஸ்பாஸின் முகத்துக்கு நேரே நின்றார். தோள் குலுங்கியது. டோன்கா தள்ளி நிற்கவில்லை. முன்னால் போய் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அது அவருக்கும் ஸ்பாஸுக்கும் நடுவில். அவள் தேறினாளா என்று கேட்காதீர்கள். கோபம் அப்படியே இருக்கிறது, இப்போது அதைச் சுமக்கக் கூட்டம் இருக்கிறது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

தாளில் இருந்தது இதுதான்:

ஆறு மாதம்.
ஸ்பாஸ்,
டாக்டர் ஓடச் சொன்னார் என்றாய். சொல்லவில்லை.
வந்து குழாயைச் சரி பண்ணுகிறேன் என்றாய். வரவில்லை.
வயதான பிறகு இருவரும் கடலுக்குப் போவோம் என்றாய்.
புளுகுணி.
....................................
உன் டோன்கா

புள்ளி வைத்த வரியை நான் நிரப்பப் பார்த்தேன். டோன்கா விடவில்லை. "அத விடு. ஒட்டுறவங்க அவங்கவங்க வாயால நிரப்பட்டும்," என்றாள்.

கூடுதலாக ஒரு தாள் அச்சடித்திருந்தோம். அதில் படம் போடவில்லை, கறுப்புக் கட்டம் மட்டும் இருக்கிறது. இந்தாருங்கள். உங்களிடம் சொல்லாமல் போனவர் யாரோ, அவர் முகத்தை அதில் வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் பசை இன்னும் காயவில்லை, கம்பத்துக்கும் பஞ்சமில்லை. புள்ளி வைத்த வரியில் 'அமைதி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கீழே டோன்கா நிற்கிறாள், கிழித்துவிடுவாள்.