தொடாமல் கூப்பிடு

அப்பா எங்களுக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். சுரங்கச் சுவரில் ஓப்பல் ரத்தினம் மின்னினால் தொடாதே, "நிறம்" என்று கத்து, கூட்டாளி வந்து பார்த்த பிறகு உளியை வை. ஓப்பல் தோண்டிப் பிழைக்கும் எங்கள் ஊர் கூபர் பீடியில் இதை மீறிய கூட்டாளிகள் அப்புறம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

சின்ன வயதில் தம்பி ரதோவனும் நானும் விளையாட்டிலும் கூட்டாளிகள். 'சுடர்க்குகை' என்றொரு வீடியோ கேம். லாந்தர் ஏந்திய குள்ளன் ஒருவன் குகைக்குள் இறங்கிக்கொண்டே போவான், அவ்வளவுதான் கதை. வெயிலுக்குப் பயந்து பாறையைக் குடைந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு குகைக்குள் போக என்ன பைத்தியமோ எங்களுக்கு! அதிலும் புதிதாக எதையாவது கண்டால் "நிறம்" என்று கத்துவோம். மற்றவர் சாப்பாட்டுத் தட்டோடு ஓடி வரும்வரை குள்ளன் அசையாமல் நிற்பான்.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அடிலெய்டில் குடியேறிவிட்ட ரதோவன், இந்த வீட்டை விற்கலாம் என்று சொல்லத்தான் வந்திருந்தான். முடியாது என்றேன். அதற்குப் பிறகு உப்பை எடு, கதவைச் சாத்து என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுருட்டி வேகவைத்து நான் செய்த சர்மாவைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் தின்றான், தடியன்.

அந்த மௌனம் தாங்காமலோ என்னவோ, கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, கையோடு கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டினான். சுடர்க்குகையின் பதினோராம் பாகமாம். இந்த வயதில் எனக்கு எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் தனியாகவே ஆடினான்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவன் சாமான்களைக் காரில் ஏற்றினான். வாசல் கதவை விரியத் திறந்து போட்டுவிட்டுப் போனான், அந்நேரத்துக்கே அனல் உள்ளே வந்தது. அவன் போவதைப் பார்க்கப் பிடிக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்து, அவன் விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கினேன்.

பாதி வாழ்க்கை விளக்கும் கையுமாகப் பாறைக்குள் திரிந்தவள் நான். சாய்ந்த வெளிச்சம் கல்லில் எப்படி விழும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். திரையிலும் அப்படியேதான் விழுந்தது. குள்ளன் லாந்தரை உயர்த்தியபோது குகையின் கூரை கண்ணுக்கே எட்டவில்லை.

வலப்பக்கம் போ என்று அம்புக்குறி காட்டியது. முந்தின நாள் ரதோவன் அம்பு காட்டிய பக்கமெல்லாம் விழுந்தடித்து ஓடினான். நான் இடப்பக்கம் கிடந்த கழிவுக்கல் குவியலுக்குப் போனேன். அடுத்தவன் கொட்டிய மண்மேட்டில் தவறிய ஓப்பல் கிடக்குமா என்று கிளறாமல் தாண்டிப் போகிறவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை. ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். அடியில் ஒரு பிளவு. அதற்குள்ளிருந்து மெல்லிய இசை கேட்டது. எங்கள் பழைய விளையாட்டின் இசை.

பொத்தானில் கட்டைவிரல் இருந்தது, அழுத்த மனம் வரவில்லை. வெளியே கார் கிளம்பும் சத்தம்.

"நிறம்!" என்று கத்தினேன்.

இஞ்சின் நின்றது. வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து வாசலில் நின்றான்.

"தொட்டியா?"

"இல்லடா. நீ வரட்டும்னுதான் நிக்கிறேன்."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், சின்ன வயதில் உட்காரும் அதே இடத்தில். அழுத்தினேன்.

பிளவைத் தாண்டியதும் குள்ளன் கட்டம் கட்டமாக மாறிப்போனான், அன்று இருந்தது போலவே. எதிரே எங்கள் பழைய குகை, ஒரு கல் குறையாமல். இத்தனை பாகங்களையும் இதன் மேலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், அடியில் இருந்ததை அழிக்காமல். இப்படியும் செய்வார்களா மனிதர்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரதோவனைப் பார்த்தேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

குகையின் கடைசியில் அந்தக் கறுப்பு ஏரியும் இருந்தது. அன்று எங்களால் தாண்டவே முடியாத ஏரி. இப்போது அதில் ஒரு படகு கட்டியிருந்தது.

அவன் வெகுநேரம் படகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து கார் சாவியை எடுத்தான். பெட்டியைக் கழற்றப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தான்.

"இங்கயே இருக்கட்டும். வீட்டு விஷயத்த அப்புறம் பாத்துக்கலாம். ஈஸ்டருக்கு வர்றேன். அதுவரைக்கும் அந்தப் படகத் தொடாத, அக்கா."